சோற்றுக் கற்றாழையும் தலைமுடி நலமும்

(புளியங்குடியில் சுற்றுவட்டார ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வழக்கமாக நான் இங்கு வரும்போது சாலையைப் பற்றியோ, குடிநீர்த் தொட்டியைப் பற்றியோ, வீடு கட்டும் திட்டத்தைப் பற்றியோ பேசுவது உண்டு. இன்று தலைமுடியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்தவுடன் முன் வரிசையிலுள்ள பெரியவர் ஒருவர் தமது தலையைத் தடவிக் கொண்டு சிரித்ததைக் கண்டேன். அவருக்கும் இந்தப் பேச்சில் ஒரு செய்தி உண்டு; சற்றுப் பொறுத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பொருளை நானாகத் தேடி எடுக்கவில்லை. சென்ற சில மாதங்களில் மூன்று விதமானவர்கள் என் அலுவலகத்திற்கு வந்தார்கள். விவசாயிகள் சிலர், சோற்றுக் கற்றாழைக் கன்று விற்கும் வியாபாரி ஒருவர் சொன்னதை நம்பி எலுமிச்சைத் தோட்டத்தை அழித்துவிட்டு அதை நடலாமா என்று கேட்டார்கள். மகளிர் குழுவைச் சேர்ந்த சகோதரிகள், கற்றாழைத் தைலம் காய்ச்சிச் சீசாவில் அடைத்து விற்க யோசனை கேட்டார்கள். மூன்றாவதாக ஒரு தாய், தலையில் புண்ணோடு கூடிய தம் மகனை அழைத்து வந்தார். வேறு காரியமாக வந்தவர்தாம், பையனின் தலையைப் பார்த்து நானாகவே விசாரித்தேன். ஆறு வாரமாகக் கற்றாழைச் சோற்றைத் தடவி வருவதாகச் சொன்னார். மூவருக்கும் நான் தனித்தனியே சொன்ன பதில்களைச் சேர்த்து இங்கே சொல்லிவிடுவது நலம் என்று தோன்றியது.

முதலில் செடியைப் பற்றி. நம் ஊர்க் கடைத்தெருவில் திருஷ்டிக்காகக் கற்றாழைச் செடியை வேரோடு பிடுங்கி வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்க விடுகிறார்கள். மண் இல்லை, தண்ணீர் இல்லை. ஆயினும் மாதக் கணக்கில் அது பசுமை மாறாமல் இருக்கிறது. சில வேளைகளில் தொங்கியபடியே பூக்கவும் செய்கிறது. இது தெய்வச் செயல் என்று நினைப்பவர்கள் உண்டு. விஷயம் யாதெனில், மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து மூச்சு விடுகின்றன. அப்போது அவற்றின் ஈரம் வெயிலில் ஆவியாகிவிடுகிறது. கற்றாழையோ பகல் முழுவதும் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து, தனக்கு வேண்டிய கரியமில வாயுவை உள்வாங்கி ஒரு புளிப்புப் பொருளாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. பகலில் அதைச் செலவழிக்கிறது. ஆகையால் அதிகாலையில் அறுத்த மடலின் சோற்றுக்கு மாலையில் அறுத்த மடலைவிடப் புளிப்பு அதிகம். சேமிப்பின் அருமையை அறிந்த செடி அது. அதன் மடல் ஒரு தண்ணீர்த் தொட்டி.

அரேபிய நாட்டு வறண்ட மலைகளே இதன் பூர்வீகம் என்று தாவர நூலார் கருதுகிறார்கள். ஆயினும் நம் சித்த வைத்தியர்கள் இதற்குக் குமரி என்று பெயரிட்டுத் தங்கள் முறைக்குள் ஏற்றுக் கொண்டு நெடுங்காலம் ஆகிறது. குமரி லேகியம் இன்றும் வழக்கில் உள்ள மருந்து.

பெயரைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் கற்றாழை என்ற பெயரால் இரண்டு செடிகளை அழைக்கிறோம். ஒன்று வீட்டுக் கொல்லையில் நிற்கும் சோற்றுக் கற்றாழை. மற்றது தோட்ட வேலியிலும் இருப்புப்பாதை ஓரத்திலும் ஆள் உயரம் வளரும் ஆனைக் கற்றாழை. ரயில் கற்றாழை என்றும் சொல்வார்கள். இரண்டாவது, நார் எடுக்க உதவுமேயன்றித் தலைக்கு உதவாது. அதன் சாற்றில் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. தோலில் பட்டால் எரிச்சலும் தடிப்பும் உண்டாகும். வேலி வெட்டிய கைகளுக்கு இது தெரியும். சோற்றுக் கற்றாழையின் மடலைக் குறுக்கே அறுத்தால் உள்ளே கண்ணாடி போன்ற வழுவழுப்பான சோறு திரளாக இருக்கும். ஆனைக் கற்றாழையில் நார்தான் இருக்கும். ஐயம் இருந்தால் அறுத்துப் பாருங்கள்.

சோற்றுக் கற்றாழை மடலுக்குள்ளும் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. பலருக்கும் தெரியாத செய்தி இதுவே. ஆதலால் சற்று விரிவாகச் சொல்லுகிறேன். மடலின் பச்சைத் தோலுக்கு அடியில் மஞ்சள் நிறமான கசப்புப் பால் ஓடுகிறது. அதைக் காய்ச்சி உலர்த்தினால் நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கரியபோளம் ஆகும். அது கடுமையான பேதி மருந்து. சிலருடைய தோலில் அரிப்பையும் உண்டாக்கும். அமெரிக்க நாட்டில் இந்தப் பாலைச் சேர்த்துக் கடையில் விற்கும் பேதி மருந்துகளை 2002-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்த மஞ்சள் பாலுக்கு உட்புறம் இருப்பதே சோறு. அதில் 100-க்கு 98 பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். எஞ்சிய சிறு பங்கில் உள்ள பசைச் சர்க்கரைப் பொருள்கள்தாம் அந்த வழுவழுப்பைத் தருகின்றன; ஈரத்தைப் பிடித்து வைத்துத் தோலைக் குளிரச் செய்கின்றன. நமக்கு வேண்டியது சோறு. வேண்டாதது மஞ்சள் பால்.

இதை என் வீட்டிலேயே நான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன்பு என் மகள் பள்ளி விடுமுறையில் தொட்டியிலிருந்த மடலை ஒடித்து, ஒடித்த கையோடு தலையில் தேய்த்துக் கொண்டாள். நானும் பார்த்துக் கொண்டுதான் இருந்தேன்; நல்லதுதானே என்று சும்மா இருந்துவிட்டேன். அன்று இரவே நெற்றி ஓரத்திலும் காதுக்குப் பின்புறத்திலும் தடித்துச் சிவந்து, இரண்டு நாள் அரித்துக் கொண்டிருந்தது. "பால் வடியவிட்டுத்தானே அறுக்கணும், இதுகூடத் தெரியாமலா ஆபீசராக இருக்கிறாய்?" என்று என் தாயார் கேட்டார்கள். பட்டப் படிப்பில் எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

ஆகவே முறையைச் சொல்லுகிறேன். செடியின் அடியில் வெளிச்சுற்றில் உள்ள முற்றிய மடலைத் தேர்ந்தெடுத்து அடியோடு அறுக்க வேண்டும். நடுக்குருத்தின் பக்கம் கத்தியைக் கொண்டு போகக் கூடாது. அறுத்த மடலை வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு பாத்திரத்தில் கால் மணி நேரம் நிறுத்தி வையுங்கள். மஞ்சள் பால் சொட்டிவிடும். பிறகு கழுவி, இருபுறத்து முள்ளையும் சீவி, தோலை உரித்து, சோற்றை மறுபடியும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் கொள்ளுங்கள். முதல் முறையாக உபயோகிப்பவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ இல்லையென்றால் தலையின் தோலில் படும்படி தடவி, அரை மணி நேரம் சென்றபின் கழுவிவிடலாம். வாரம் ஒரு முறை, மிஞ்சினால் இரு முறை போதும். புண்ணிருந்தால் தடவ வேண்டாம்.

எடுத்த சோற்றை அன்றே செலவழித்துவிட வேண்டும். தண்ணீரே பெரும்பகுதியாக இருப்பதால் அது சீக்கிரம் கெட்டு, நிறம் மாறிவிடும். கெட்டதைத் தலையில் தடவுவது கிருமியை விலை கொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும். மடல் செடியிலேயே இருக்கும்வரை கெடுவதில்லை. வேண்டும்போது அறுத்துக் கொள்ளலாமே, சேமித்து வைப்பானேன்?

இனி, கற்றாழை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பார்ப்போம்.

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒரு முடி மாதத்திற்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். சில ஆண்டுகள் வளர்ந்து, பின்னர் ஓய்ந்து உதிர்ந்து, அதே குழியிலிருந்து வேறொன்று முளைக்கும். இந்தச் சுழற்சியில் நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பேயாகும். சீப்பில் பத்து முடியைக் கண்டு பதறிக் கடைக்கு ஓடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். தோலுக்கு மேலே நாம் காணும் முடி உயிரற்ற பொருள், நகத்தைப் போன்றது. அதற்கு உணவு ஊட்டுவது என்பது விளம்பரக்காரர்களின் பேச்சு. முடியின் உயிர் தோலுக்குள் உள்ள வேர்க்குழியில் இருக்கிறது. அதற்கு உணவு இரத்தத்தின் வழியாகத்தான் போகிறது.

ஆகவே கற்றாழைச் சோறு புதிய முடியை முளைக்கச் செய்யும் என்பதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. முன் வரிசைப் பெரியவர் என்னை மன்னிக்க வேண்டும். வறண்டு அரிக்கும் தலைத்தோலைக் குளிர்விப்பதும், முடிக்கு வழுவழுப்பைத் தந்து சிக்கில்லாமல் சீவ உதவுவதும் அதனால் ஆகும். சீவும்போது அறுந்து போகும் முடி குறையும். அதைக் கண்டே கொட்டுவது நின்றது என்று நம்மவர்கள் சொல்லுகிறார்கள் என எண்ணுகிறேன். செதில் செதிலாக உதிர்ந்து சிவக்கும் பொடுகு நோய்க்கு இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் 44 நோயாளிகளிடம் கற்றாழைக் குழம்பைச் சோதித்து, 1999-இல் முடிவை வெளியிட்டார்கள். யாருக்கு உண்மை மருந்து, யாருக்கு வெறும் குழம்பு என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாதபடி நடத்திய சோதனை அது. கற்றாழை பெற்றவர்களில் 100-க்கு 58 பேருக்கும், வெறும் குழம்பு பெற்றவர்களில் 100-க்கு 15 பேருக்கும் குணம் தெரிந்தது. நல்ல செய்திதான். ஆனால் 44 பேர் என்பது ஒரு தெருவின் ஒரு பக்கத்து வீடுகளில் உள்ளவர்கள் அளவே. அதை வைத்துக் கொண்டு பொடுகுக்கெல்லாம் கற்றாழை என்று நான் பறைசாற்ற மாட்டேன்.

பொடுகைப் பற்றி இன்னொன்று. தோலின் எண்ணெய்ப் பசையைத் தின்று வாழும் ஒருவகை நுண்காளானுக்கு அதில் பங்கு உண்டு. பொடுகு என்றவுடன் தலை காய்ந்துவிட்டது என்று எண்ணிக் கை நிறைய எண்ணெய் வைப்பது அந்தக் காளானுக்கு விருந்து வைப்பதாகும். அடிக்கடி தலையை அலசிச் சுத்தமாக வைப்பதே முதல் வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் தகுந்த கழுவு மருந்தை எழுதித் தருவார்.

தலை அலசும் தண்ணீரைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உப்பும் கடுமையும் உடையது. அதில் சோப்புப் போட்டால் நுரை வராமல் பிசுபிசுப்பான திரி உண்டாகி முடியில் ஒட்டிக் கொள்ளுகிறது. பிறகு கூந்தல் நார் போல் இருக்கிறது என்று குறைப்படுகிறோம். சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அப்படித் திரி விடுவதில்லை. நம் முன்னோர் அரப்பும் சீயக்காயும் கொண்டு தலை முழுகியதில் காரணம் இருந்திருக்கிறது. கற்றாழைச் சோற்றைச் சீயக்காய்த் தூளோடு பிசைந்து தேய்த்தால் தூளின் சொரசொரப்பு தலைத்தோலை உராயாது.

புளியங்குடியில் நின்று கொண்டு எலுமிச்சையை விட்டுவிட முடியுமா? ஒரு செம்புத் தண்ணீரில் அரைப் பழச்சாற்றைக் கலந்து கடைசியாக அலசினால் ஒட்டியிருக்கும் சோப்புத் திரி கரைந்து முடி பளபளக்கும். இது சரியான முறையே. ஆனால் எலுமிச்சைச் சாற்றை அப்படியே தலையில் பூசிக்கொண்டு வெயிலில் நிற்கக் கூடாது. அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டவுடன் மனிதத் தோலைச் சுட்டுக் கொப்புளமும் கருந்தழும்பும் உண்டாக்க வல்லது. சாறு பிழிந்துவிட்டு வெயிலில் வேலை பார்ப்பவர்களுக்கும் இந்தக் கேடு நேரக்கூடும். கற்றாழையும் எலுமிச்சையும் சேர்த்து அரைத்துப் பூசி, மொட்டைமாடியில் உலர்த்துமாறு கைப்பேசியில் வரும் யோசனைகளைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம்.

நிற்க. முடி அளவுக்கு மீறிக் கொட்டுகிறது என்றால் தலையைப் பார்ப்பதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும். கடுங்காய்ச்சலோ பிரசவமோ கழிந்து இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக் கொத்தாக உதிர்வது உண்டு. அது பெரும்பாலும் தானாகவே சீர்ப்பட்டுவிடும். மற்றொரு காரணம் இரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரிய வந்தது. இந்தக் கூட்டத்தில் வந்திருக்கும் தாய்மார்களில் பாதிப்பேர் என்று பொருள். உடலில் இரும்புச்சத்துக் குறைந்தால் களைப்பு, மூச்சிரைப்பு ஆகியவற்றோடு முடியும் உதிரும். அதற்குத் தலையில் எதைத் தடவி என்ன பயன்? சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாம். இரும்புச்சத்து மாத்திரையும் இலவசம். அந்த மாத்திரையை வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னால் போட்டு வைக்கும் வழக்கத்தை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். பக்கத்திலேயே முருங்கை மரம் நிற்கும். அதன் கீரை ஆட்டுக்குப் போகும்.

வட்டமாக, வழுவழுவென்று முடி போய்விடும் நோயைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழு எதுவும் இல்லை. உடம்பின் காவல் சக்தியே தவறாக முடிக்குழியைத் தாக்குவதால் வருவது. பலருக்குச் சில மாதங்களில் தானாகவே முடி முளைத்துவிடும். அந்தச் சமயத்தில் கற்றாழை தடவியவர் கற்றாழையால் என்பார். சின்ன வெங்காயம் தேய்த்தவர் வெங்காயத்தால் என்பார். இருவரிடமும் நான் வாதாடுவதில்லை. ஆனால் சிறு பிள்ளைகளின் தலையில் செதிலும் சீழும் வைத்து, முடி ஒடிந்து வட்டமாகப் போனால் அது வேறு நோய். தலையில் வரும் படர்தாமரை. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டும். காளான் முடியின் வேர்வரை இறங்கிவிடுவதால் மேலே பூசும் எதுவும் அதை எட்டாது; மருத்துவர் கொடுக்கும் மாத்திரையைச் சில வாரங்கள் உட்கொண்டே தீர வேண்டும். காலம் தாழ்த்தினால் முடிக்குழி தழும்பாகி, அந்த இடத்தில் பிறகு முடியே முளைக்காமல் போகலாம்.

நான் முதலில் சொன்ன பையனுக்கு இருந்தது அதுவே. அன்றே மருத்துவரிடம் அனுப்பினேன். இப்போது குணமாகிவிட்டது, ஆனால் ஒரு நாலணா அகலத்திற்கு வழுக்கை நின்றுவிட்டது. அந்தத் தாய் மகனைக் கவனியாதவர் அல்லர். ஆறு வாரமும் நாள் தவறாமல் மடல் அறுத்து, கழுவி, தடவியவர். அவருடைய அக்கறையில் குறையில்லை. எப்போது நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்வார் இல்லை. இதற்கு ஊராட்சி உறுப்பினர்கள் ஒரு விதியாகவே ஊரில் சொல்லிவிடலாம்: வீட்டு வைத்தியத்திற்கு இரண்டு வாரம், சீழ், காய்ச்சல், வட்ட வழுக்கை இருந்தால் ஒரு நாள்கூட இல்லை.

மகளிர் குழுச் சகோதரிகளுக்கு இப்போது வருகிறேன். வீட்டுக்குத் தைலம் காய்ச்சுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அலசிய சோற்றைத் தேங்காயெண்ணெயில் இட்டுச் சிறு தீயில் காய்ச்சி, சலசலப்பு முற்றும் அடங்கும்வரை பொறுத்திருந்து வடிகட்ட வேண்டும். சலசலப்பு என்பது தண்ணீர் வெளியேறும் ஓசை. அது அடங்குமுன் இறக்கினால் எண்ணெய் விரைவில் கெட்டுவிடும். ஆனால் விற்பனை என்று வந்துவிட்டால் சட்டம் குறுக்கிடுகிறது. அழகுப் பொருள்களைச் செய்து விற்பதற்கு 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழும், 2020-இல் வந்த விதிகளின் கீழும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் பெற வேண்டும். சீசாவின் மேல் சேர்மானங்கள், தொகுதி எண், செய்த நாள், எதுவரை உபயோகிக்கலாம் என்பவை இருக்க வேண்டும். உரிமம் பெறும்வரை நம் ஊர்ச் சந்தையில் விற்றால் என்ன என்று ஒரு சகோதரி கேட்டார். ஒரு குழந்தைக்குத் தலை வெந்துவிட்டால் குழுவின் சேமிப்பு முழுவதும் அதற்கே போய்விடும். அதைத்தான் அவருக்குச் சொன்னேன்.

இன்னொன்று: அவர்கள் அச்சிட்டு வைத்திருந்த மாதிரிச் சீட்டில் 'வழுக்கையைப் போக்கும், நரையை மாற்றும்' என்று இருந்தது. வழுக்கையைத் தீர்ப்பதாகவோ, முடியின் நிறத்தை மாற்றிப் புதிய முடி முளைக்கச் செய்வதாகவோ எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஓர் அட்டவணை சொல்லுகிறது. பெரிய கம்பெனிகள் இதைச் சுற்றி வளைத்து எழுத வழக்கறிஞர்களை வைத்திருக்கின்றன. நம்மிடம் அவர்கள் இல்லை. ஆகையால் அந்தச் சீட்டுகளைக் கிழித்துவிடச் சொன்னேன். குழுவினர் வருத்தப்பட்டார்கள், அச்சுக்கூலி அவர்கள் கைப்பணம். தற்போதைக்கு சீயக்காய், அரப்பு ஆகியவற்றைச் சேகரித்து உலர்த்தி, உரிமம் பெற்ற தயாரிப்பாளர்களுக்குக் கச்சாப் பொருளாக விற்கலாம் என்பது என் யோசனை. அதற்கிடையே உரிமத்திற்கான விவரங்களை மகளிர் திட்ட அலுவலகத்தின் மூலம் தொடர்ந்து பார்ப்போம்.

விவசாய நண்பர்களே, உங்கள் கேள்வியைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அதுதான் பெரும் பணம் சம்பந்தப்பட்டது.

கற்றாழை இங்கே விளையுமா? விளையும். மலையடிவாரத்து வடிகால் உள்ள செவல் மண் அதற்கு ஏற்றது. கிழக்கே சங்கரன்கோவிலைத் தாண்டிய கரிசல் காட்டில் மழைக்காலத்து ஈரம் தேங்கி வேர் அழுகும். இரண்டடிக்கு இரண்டடி நட்டால் ஏக்கருக்குப் பதினோராயிரம் கன்று பிடிக்கும். ஓர் ஆண்டு வாக்கில் மடல் அறுக்கத் தொடங்கலாம். ஆடு மாடு அதிகம் வாய் வைக்காது. இவையெல்லாம் உண்மை, வியாபாரியும் இதைத்தான் சொல்லியிருப்பார்.

அவர் சொல்லாதது என்ன? பத்து டன் மடல் அறுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் சோறு பாதி, ஐந்து டன். அந்த ஐந்து டன்னில் தண்ணீரைப் போக்கினால் நிற்பது ஏறக்குறைய 50 கிலோ. ஐம்பது கிலோச் சரக்குக்காகப் பத்து டன் பாரத்தை லாரியில் ஏற்றி அனுப்ப வேண்டும். அறுத்த மடல் ஓரிரு நாளுக்குள் ஆலைக்குள் நுழைந்தாக வேண்டும். ஆலை பக்கத்தில் இருந்தால் இது தொழில். தொலைவில் இருந்தால் நீங்கள் தண்ணீரை வாடகை கொடுத்து ஊர் ஊராகச் சுமக்கிறீர்கள்.

எலுமிச்சையில் விலை இறங்கும் நாள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஒரு மூட்டைப் பழம் கூலிக்குக் கூடக் காணாத நாளில் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆயினும் அதிகாலையில் பறித்த பழத்தை இந்த ஊர்க் கமிஷன் கடையில் இறக்கினால், கூடியோ குறைந்தோ ஒரு விலைக்கு வாங்க ஆள் இருக்கிறது. கற்றாழை மடலுக்கு அப்படி ஒரு கடை இங்கே இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எலுமிச்சை மரம் மறுபடி காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதையும் கோடரியை எடுக்குமுன் எண்ண வேண்டும்.

திரும்ப வாங்கிக் கொள்வதாக எழுதிக் கொடுக்கிறாரே என்பீர்கள். முன்பு நான் பணியாற்றிய வேறொரு மாவட்டத்தில் ஒரு விவசாயி இப்படிப்பட்ட முத்திரைத்தாள் ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். இரண்டு ஏக்கர் நட்டிருந்தார். மடல் முற்றியபோது தாளில் இருந்த முகவரிக்குப் போனார். அங்கே வேறு கடை இருந்தது. கடைசியில் அவர் டிராக்டரை விட்டு உழுதார். கற்றாழை அவ்வளவு எளிதில் சாகாது. அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்த்து வரப்பெல்லாம் நின்றது. அவர் அதைச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

கணக்கு இதில்தான் இருக்கிறது. ஒரு கன்று ஐந்து ரூபாய் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 55,000 ரூபாய் கன்றுக்கே போகிறது. ஆனால் கற்றாழை தானே பக்கக் கன்று விடும் செடி. ஆண்டுக்கு நான்கு கன்று விட்டால் பத்துச் செடி அடுத்த ஆண்டு 50. அதற்கடுத்த ஆண்டு 250. மூன்றாம் ஆண்டு 1,250. இவ்வளவு எளிதாகப் பெருகும் ஒன்றைப் பதினோராயிரம் வாங்குமாறு ஒருவர் வற்புறுத்துகிறார் என்றால், அவருடைய இலாபம் மடலிலா, கன்றிலா? அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஆலை எங்கே இருக்கிறது, நாங்கள் நேரில் வந்து பார்க்கலாமா? மூன்று ஆண்டுகளாக உங்களுக்கு மடல் கொடுக்கும் விவசாயி இருவரைக் காட்டுவீர்களா? கன்றுக்கு விலையை முதல் அறுவடையில் கழித்துக் கொள்வீர்களா? மூன்றாவது கேள்வியிலேயே பெரும்பாலோர் எழுந்து போய்விடுவார்கள்.

உண்மையான ஆலையோடு உண்மையான ஒப்பந்தம் கிடைக்குமானால் நான் தடை சொல்ல மாட்டேன். அப்போதும் எலுமிச்சையைத் தொடாமல், தரிசாகக் கிடக்கும் செவலில் கால் ஏக்கர் நட்டு ஒரு பருவம் பாருங்கள். ஒருவராக அல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து, தோட்டக்கலைத் துறையினரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பந்தம் பேசுங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு செடி இருப்பதற்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். பழைய மண்தொட்டியோ, உடைந்த குடமோ, மண்ணோடு பாதி மணல் கலந்து, அடியில் ஓட்டை இருந்தால் போதும். குளியலறைத் தண்ணீர் தேங்கும் இடத்தில் வைக்காதீர்கள், அழுகிவிடும். மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதுமானது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் நடுவதற்கு ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். வழித்தடத்தை விட்டுத் தள்ளி வையுங்கள், முள் குத்தும்.

என் வீட்டுத் தொட்டியில் பெருகிய கன்றுகளை ஒரு சாக்கில் கட்டி ஜீப்பில் கொண்டு வந்திருக்கிறேன். மண்டப வாசலில் இறக்கி வைத்திருக்கிறார்கள். எண்பதுக்குமேல் இருக்கும், வீட்டுக்கு இரண்டாக எடுத்துச் செல்லலாம். விலை இல்லை. முன் வரிசைப் பெரியவருக்கு மட்டும் மூன்று.